நகரத்தின் உமிழ்வை நுகர்விலிருந்து கணக்கிடுவது எப்படி?

நகர எல்லைக்குள் இருந்த ஓர் எஃகு ஆலை மூடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அந்நகரின் உமிழ்வு அறிக்கையில் கோடு சரசரவென்று இறங்கும். நகரம் எஃகு வாங்குவதை விட்டுவிட்டதா என்றால், இல்லை. அதே கம்பியும் அதே தகடும் வேறோர் ஊரிலிருந்து லாரியில் வருகின்றன. காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்சைடு குறையவில்லை. வேறோர் ஊரின் பேரேட்டுக்கு அது மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நகரங்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொடுப்பதுதான் என் வேலை. எல்லைக்குள் எரிந்ததை மட்டும் எண்ணிவிட்டு ‘குறைத்துவிட்டோம்’ என்று சொல்லும் அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஒப்புவதில்லை. நகரம் வாங்கும் பொருளுக்குள்ளும் சேவைக்குள்ளும் பொதிந்து வரும் உமிழ்வையும் சேர்த்து எழுதினால்தான் படம் முழுமையாகும். எக்ஸெலும் பொறுமையும் இருந்தால் முதல் வரைவை நீங்களே போட்டுவிடலாம். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாருடைய கணக்கு?

தரவைத் தேடிப் போகும் முன் இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று எல்லை சார்ந்தது: நகருக்குள் எரியும் எரிபொருள், நகரம் இழுக்கும் மின்சாரம், நகரத்துக் குப்பை. 2014-இல் வெளிவந்த ஜிபிசி என்ற உலகளாவிய நெறிமுறை இதற்கானது. பெரும்பாலான நகரங்கள் இதைத்தான் பின்பற்றுகின்றன. உணவு, சிமென்ட், உடை, மின்னணுக் கருவிகள் ஆகியவற்றுக்காக வெளியூரில் நிகழும் உமிழ்வை எண்ணியே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை.

இன்னொன்று நுகர்வு சார்ந்தது. நகரவாசிகளின் வீட்டுச் செலவு, அரசின் செலவு, மூலதன ஆக்கம் (கட்டடம், பாதை, இயந்திரம் போன்றவற்றில் போடும் முதலீடு) ஆகிய மூன்றுக்காகவும் உலகில் எங்கே புகை எழுந்திருந்தாலும் அது இந்த நகரத்தின் கணக்கில் வரும். நகருக்குள் தயாராகி வெளியூருக்குப் போகும் பொருளின் உமிழ்வு கழிந்துவிடும். சூத்திரம் எளியது: எல்லைக்குள் நிகழ்ந்தது, கூட்டல் இறக்குமதியில் பொதிந்தது, கழித்தல் ஏற்றுமதியில் பொதிந்தது. பிரிட்டிஷ் தர நிறுவனம் 2013-இல் வெளியிட்ட பாஸ் 2070 என்ற ஆவணம் இந்த முறையை விளக்குகிறது.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும்? சி40 என்ற பெருநகரங்களின் காலநிலைக் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு 79 நகரங்களை எடுத்துக்கொண்டது. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீத நகரங்களில் நுகர்வுக் கணக்கே பெரியதாக வந்தது. மீதமுள்ளவை பிறருக்காக உற்பத்தி செய்யும் நகரங்கள். உங்கள் நகரம் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே ஊகித்து எழுதி வையுங்கள். கடைசியில் வரும் விடையைச் சோதிக்க அது உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். இரண்டும் ஒரே உமிழ்வை இரண்டு வாசல்களில் நின்று எண்ணுபவை. கூட்டினால் நகருக்குள் தயாராகி நகருக்குள்ளேயே விற்ற பொருள் இரண்டு முறை எண்ணப்படும். அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

அட்டவணையைப் படிப்பது

இந்தக் கணக்கின் அச்சாணி உள்ளீடு–வெளியீடு அட்டவணை. வாசிலி லியோன்டீஃப் 1930-களில் உருவாக்கிய முறை இது. இதற்காகவே 1973-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. 1970-இலேயே மாசையும் இதே சட்டகத்துக்குள் கொண்டுவர முடியும் என்று அவர் காட்டிவிட்டார்.

அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் ஒரு துறை யாருக்கு எவ்வளவு விற்றது என்று சொல்கிறது. ஒவ்வொரு நிரலும் ஒரு துறை யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று சொல்கிறது. கட்டுமானத்தின் நிரலில் மேலிருந்து கீழே இறங்கினால் சிமென்ட், எஃகு, மின்சாரம், போக்குவரத்து என்று அது வாங்கியதெல்லாம் வரும். நிரலின் ஒவ்வோர் எண்ணையும் அத்துறையின் மொத்த உற்பத்தி மதிப்பால் வகுத்தால் கிடைப்பது உள்ளீட்டுக் குணகம். ஓர் அலகு மதிப்புள்ள கட்டுமானத்துக்கு எவ்வளவு மதிப்புள்ள சிமென்ட் தேவை என்பதை அது சொல்லும்.

இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது உமிழ்வுச் செறிவு. அந்தத் துறை நேரடியாக வெளியிட்ட வாயுவை அதன் உற்பத்தி மதிப்பால் வகுத்தால் அது கிடைக்கும். மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராக மாற்றும் எண்களை, ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கையிலிருந்து எடுங்கள். ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையில் நூறாண்டு அளவில் மீத்தேனுக்கு 28, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 265. ஆறாம் அறிக்கையில் புதைபடிவ மீத்தேனுக்கு 29.8, மற்ற மீத்தேனுக்கு 27, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 273. எதை எடுத்தாலும் இரண்டு கணக்குகளிலும் அதையே வையுங்கள்.

மூன்று துறைகளை வைத்துக் கையாலேயே போட்டுப் பார்ப்போம்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு முறையாவது இதைக் கையால் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் போட்டவர்களுக்குத்தான் பெரிய அட்டவணையில் ஒரு விடை தவறாக வரும்போது மூக்கில் வேர்க்கும்.

மின்சாரம், கட்டுமானப் பொருள், கட்டுமானம் என மூன்றே துறைகள். எண்கள் யாவும் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஓர் அலகு கட்டுமானத்துக்கு 0.30 அலகு பொருளும் 0.02 அலகு மின்சாரமும் வேண்டும். ஓர் அலகு பொருளுக்கு 0.10 அலகு மின்சாரமும், தன் துறையிலிருந்தே 0.10 அலகும் வேண்டும். ஓர் அலகு மின்சாரத்துக்கு 0.05 அலகு பொருளும், தன் துறையிலிருந்தே 0.10 அலகும் வேண்டும். நேரடி உமிழ்வு அலகுக்கு இவ்வளவு: மின்சாரம் 5 கிலோ, பொருள் 3 கிலோ, கட்டுமானம் 0.1 கிலோ.

நகரம் 100 அலகுக்குக் கட்டடம் கட்டுகிறது. கட்டுமானத் தளத்தில் எரியும் டீசல் வகையில் நேரடி உமிழ்வு 10 கிலோ. எல்லைக் கணக்கின் கண்ணில் படுவது பெரும்பாலும் இதுவும், தளம் நேராக இழுக்கும் மின்சாரமும்தான்.

முதல் சுற்று: 30 அலகு பொருள், 2 அலகு மின்சாரம். பொருளில் 90 கிலோ, மின்சாரத்தில் 10 கிலோ, ஆக 100.

இரண்டாம் சுற்று: அந்த 30 அலகு பொருளையும் 2 அலகு மின்சாரத்தையும் தயாரிக்க என்னென்ன வேண்டும்? பொருள் 3.1 அலகு, மின்சாரம் 3.2 அலகு. உமிழ்வு 9.3 கிலோவும் 16 கிலோவும், ஆக 25.3.

மூன்றாம் சுற்று: பொருள் 0.47, மின்சாரம் 0.63. உமிழ்வு ஏறத்தாழ 4.6 கிலோ. நான்காவதில் 0.8 கிலோவுக்கும் கீழே போய்விடும். எல்லாச் சுற்றுகளையும் கூட்டினால் 140.8 கிலோவில் வந்து நிற்கும். தளத்தில் கண்ணுக்குத் தெரிந்தது 10 கிலோ. அதற்குள் பொதிந்து வந்தது 131 கிலோ.

முடிவில்லாத இந்தச் சுற்றுகளை ஒரே அடியில் கூட்டித் தருவதுதான் லியோன்டீஃப் நேர்மாறு அணி. அலகு அணியிலிருந்து குணக அணியைக் கழித்து, வருவதற்கு நேர்மாறு காண வேண்டும். அதன் இடப்பக்கம் உமிழ்வுச் செறிவையும் வலப்பக்கம் இறுதித் தேவையையும் (இங்கே அந்த 100 அலகு கட்டடம்) வைத்துப் பெருக்கினால் விடை. எக்ஸெலிலேயே இதற்குச் சார்புகள் உண்டு. துறைகள் நூற்றுக்கணக்கில் போனால் பைத்தானுக்கோ ஆர் மொழிக்கோ மாறிவிடுவது நல்லது.

மொத்தத்தைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடாதீர்கள். 140.8 என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாநகராட்சி என்ன செய்யும்? அதைப் பிரித்துக் காட்டுங்கள். எந்தத் துறையில் புகை எழுந்தது என்று பார்த்தால் பொருளில் 101, மின்சாரத்தில் 30, தளத்தில் 10. எந்த வழியாக வந்தது என்றும் பார்க்கலாம். மின்சாரம் பொருளுக்குப் போய், பொருள் கட்டுமானத்துக்கு வந்த அந்த ஒரு வழியில் மட்டும் 15 கிலோ. மின்சாரம் நேராகத் தளத்துக்கு வந்த வழியில் 10 கிலோதான். தளத்தின் மின்கட்டணச் சீட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த 15 கிலோ தெரியவே தெரியாது. கட்டட விதிகளையும் கொள்முதல் ஒப்பந்தங்களையும் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரிப்புதான் தேவை.

நாட்டு அட்டவணையை நகரத்துக்கு இறக்குவது

பெரும்பாலான நகரங்களுக்குத் தனி அட்டவணை இருக்காது, நாட்டுக்குத்தான் இருக்கும். அதை இறக்கப் பழக்கத்தில் உள்ள வழி இட ஈவு. நகரத்து வேலைவாய்ப்பில் ஒரு துறையின் பங்கை, நாட்டு வேலைவாய்ப்பில் அதே துறையின் பங்கால் வகுக்க வேண்டும். நகரில் 2 சதவீதம், நாட்டில் 5 சதவீதம் என்றால் ஈவு 0.4. அந்தத் துறையின் பொருளில் நகரத் தேவையில் 40 சதவீதம் உள்ளூரில் கிடைக்கிறது, 60 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வார்கள். ஈவு ஒன்றைத் தாண்டினால் உள்ளூரே போதும் என்று பொருள்.

இது வெளியிலிருந்து வரும் பொருளின் அளவைக் குறைத்துக் காட்டும் முறை. ஒரே துறையைச் சேர்ந்த பொருள் நகருக்குள் வந்துகொண்டும் நகரிலிருந்து போய்க்கொண்டும் இருப்பதை இது பார்ப்பதில்லை. பிஸ்கட் தயாரிக்கும் நகரமும் வெளியூர் பிஸ்கட் வாங்கத்தானே செய்கிறது! நகரத்தின் அளவையும் கணக்கில் சேர்க்கும் ஃப்ளெக் ஈவு இந்தக் குறையை ஓரளவு சரிசெய்கிறது. சரக்குப் போக்குவரத்துத் தரவு கிடைத்தால் அதை வைத்துத் திருத்துங்கள்.

நுகர்வுக் கணக்கு மட்டும் போதும் என்றால் இந்தச் சிக்கலில் பாதியைத் தவிர்த்துவிடலாம். நகரத்து வீடுகளின் செலவை நேராக ஒரு பன்னாட்டு அட்டவணையில் செலுத்தினால் போதும். எக்ஸியோபேஸ், இயோரா, ஓஇசிடி அட்டவணை ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. எக்ஸியோபேஸில் 44 நாடுகள், 5 பிற உலகப் பகுதிகள், 163 தொழில்துறைகள் உள்ளன. ஒரு நாட்டு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டால், இறக்குமதியான பொருளும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில்தான் தயாரானது என்று நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய அலுமினியத்தையும் நீர்மின்சாரத்தில் உருக்கியதையும் ஒரே தட்டில் வைப்பது பெரும் பிழையாகிவிடும்.

விலைதான் பலரை வழுக்கி விடும் இடம்

அட்டவணை பெரும்பாலும் அடிப்படை விலையில் இருக்கும், அதாவது ஆலை வாசலில் உற்பத்தியாளர் கைக்கு வரும் தொகை. வீட்டுச் செலவுக் கணக்கெடுப்போ கடையில் கொடுத்த விலையைச் சொல்கிறது. ஒரு சட்டை 100 அலகு என்றால் அதில் ஆலைக்குப் போவது 40, கடைக்காரர்களின் இடையளவு 35, போக்குவரத்து 10, வரி 15 என்று இருக்கலாம். மொத்த 100-ஐயும் ஆடைத் துறையின் செறிவால் பெருக்கினால், அதில் ஆடைத் துறையின் உமிழ்வை இரண்டரை மடங்காக ஊதிக் காட்டியதாகும். 40-ஐ ஆடைத் துறைக்கும், 35-ஐ வணிகத்துக்கும், 10-ஐப் போக்குவரத்துக்கும் பிரித்துப் போடுங்கள். வரிக்கு உமிழ்வு கிடையாது. அந்த வரியை வாங்கி அரசு செய்யும் செலவு, அரசின் செலவு என்ற தலைப்பில் தனியே வரும்.

ஆண்டும் ஒத்துப்போக வேண்டும். அட்டவணை ஓர் ஆண்டுக்கு, செலவுக் கணக்கெடுப்பு சில ஆண்டு கழித்து என்பதே வழக்கம். இடையில் விலை 25 சதவீதம் ஏறியிருந்தால், அலகுக்கு 2 கிலோ என்ற செறிவை 1.6 கிலோவாகத் திருத்த வேண்டும். மொத்தப் பணவீக்கத்தைப் போடாமல் பொருள்வாரி விலைக் குறியீட்டைப் போடுங்கள். உணவின் விலையும் தொலைபேசியின் விலையும் ஒரே திசையில்கூடப் போவதில்லை.

செலவுக் கணக்கெடுப்பில் மது, புகையிலை போன்றவற்றை மக்கள் குறைத்தே சொல்வார்கள். வசதியான வீடுகள் கணக்கெடுப்பாளருக்குக் கதவு திறப்பதும் அரிது. விமானப் பயணமும் பெரிய வண்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. அதனால் கணக்கெடுப்பின் கூட்டுத்தொகையைத் தேசியக் கணக்குகளின் தனியார் நுகர்வோடு பொருள்வாரியாக ஒப்பிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். வருமான அடுக்குவாரியாகவும் தனித்தனியே போடுங்கள். சராசரி மனிதரின் உமிழ்வு என்று ஒரே எண்ணைத் தருவது ஏழைகளுக்குச் செய்யும் அநீதி என்றே நான் நினைக்கிறேன். ஓரறை வீட்டில் இருப்பவரும் ஆண்டுக்குப் பலமுறை பறப்பவரும் அந்த ஓர் எண்ணுக்குள் ஒன்றாகிவிடுகிறார்கள்.

அட்டவணைக்கு வெளியே நிற்பவை

வீட்டு அடுப்பில் எரியும் எரிவாயுவும் சொந்த வண்டியில் எரியும் பெட்ரோலும் எந்தத் துறையின் உமிழ்வும் அல்ல. அட்டவணை தருவது அந்த எரிபொருளை எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்த்ததன் உமிழ்வை மட்டுமே. எரித்ததன் உமிழ்வைத் தனியே கூட்ட வேண்டும். விற்பனையான லிட்டரிலிருந்தோ கிலோவிலிருந்தோ அதை எளிதில் கணக்கிடலாம்.

மூலதன ஆக்கம் இன்னும் சிக்கலானது. ஒரு மெட்ரோ பாதை கட்டும் ஆண்டில் நகரத்தின் எண் எகிறும். பாதை பல பத்தாண்டுகள் உழைக்கும். எழுந்த ஆண்டிலேயே முழுவதையும் எழுதுவது வழக்கமான முறை. ஆயுள் முழுவதற்கும் பரப்புவது இன்னொன்று. நான் முதல் முறையைத்தான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் வளிமண்டலத்துக்கு அந்த உமிழ்வு அந்த ஆண்டில்தான் போனது. ஆனால் தனி வரியாகக் காட்டுங்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடவே முடியாது.

சுற்றுலாப் பயணியின் விடுதிச் செலவு அவருடைய ஊரின் கணக்கு. நம் நகரவாசி வெளியூரில் செய்த செலவு நம் கணக்கு.

கணக்கின் பெரிய வரிகளைப் பொருளளவுக்கு மாற்றுங்கள்

பணத்தை வைத்துப் போட்ட முதல் வரைவு ஒரு வரைபடம் மாதிரி. எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டும். வரிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கி, மேலே நிற்கும் சில வரிகளை மட்டும் பொருளளவுத் தரவால் (டன், லிட்டர் போன்றவை) மாற்றுங்கள். பெரும்பாலும் அவை மின்சாரம், எரிபொருள், உணவில் இறைச்சியும் பாலும், கட்டுமானப் பொருள், விமானப் பயணம் என்று இருக்கும். எழுதுபொருள் செலவைத் துல்லியமாக்க வாரக்கணக்கில் உட்காராதீர்கள்.

சிமென்டை எடுத்துக்கொள்வோம். பல அட்டவணைகளில் அது கண்ணாடி, பீங்கான், ஓடு ஆகியவற்றோடு ‘உலோகமல்லாத கனிமப் பொருள்கள்’ என்ற ஒரே துறையில் அடைபட்டிருக்கும். அந்தச் சராசரிச் செறிவு சிமென்டுக்கும் பொருந்தாது, கண்ணாடிக்கும் பொருந்தாது. சிமென்டுக்கு அடிப்படையான கிளிங்கரில், சுண்ணாம்புக்கல் சூட்டில் பிரியும்போதே டன்னுக்கு ஏறத்தாழ 0.5 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. சூளையில் என்ன எரித்தாலும் இந்தப் பகுதி மாறாது. எரிபொருளின் உமிழ்வு இதற்கு மேல். ஆகவே நகரம் வாங்கிய சிமென்ட் எத்தனை டன், அதில் கிளிங்கரின் பங்கு எவ்வளவு என்பது தெரிந்தால், விலையை வைத்துப் போட்ட எண்ணைவிட எவ்வளவோ நம்பகமான எண் கிடைக்கும். சாம்பலோ கசடோ கலந்த சிமென்டுக்கு நகரம் மாறினால் அதன் பலனும் கணக்கில் தெரியும். விலையை மட்டும் வைத்தால் அது தெரியவே தெரியாது.

இப்படி மாற்றும்போது, பண அட்டவணையில் அந்தப் பகுதியைப் பூஜ்ஜியமாக்க மறக்காதீர்கள். இரண்டையும் விட்டுவைத்தால் ஒரே சிமென்டை இருமுறை எண்ணிவிடுவீர்கள்.

சரிபார்ப்பும் எழுத்தும்

முதல் சோதனை: நாடு முழுவதற்கும் இதே முறையில் போட்டு, உலக அட்டவணை தரும் நாட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தாதது நகரத்தில் பொருந்தாது. இரண்டாவது: நகரத்தின் தலா உமிழ்வை நாட்டின் தலா உமிழ்வால் வகுத்து, அதைத் தலா செலவின் விகிதத்தோடு வைத்துப் பாருங்கள். செலவு ஒன்றரை மடங்காக இருக்கும்போது உமிழ்வு மூன்று மடங்காக வந்தால், எங்கோ அலகு மாறியிருக்கிறது. பெரும்பாலும் ஆயிரமும் லட்சமும் குழம்பியிருக்கும். மூன்றாவது: தொடக்கத்தில் எழுதி வைத்த ஊகத்தை இப்போது எடுத்துப் பாருங்கள்.

அறிக்கையில் தசமப் புள்ளிகளைக் கொட்டாதீர்கள். இந்த முறையில் வரும் மொத்தத்தை இரண்டு இலக்கத் துல்லியத்துக்கு மேல் எழுதுவது நேர்மையல்ல. ‘இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை’ என்று எழுதினால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அட்டவணையின் ஆண்டு, விலை வகை, தரவு பணத்திலா டன்னிலா, மாற்றீட்டு எண் எந்த ஐபிசிசி அறிக்கையிலிருந்து என்ற நான்கையும் குறியுங்கள்.

அடுத்த ஆண்டு செறிவுகளைப் புதுப்பிக்கும்போது பழைய ஆண்டையும் புதிய முறையில் திரும்பப் போடுங்கள். அதோடு, அதே செலவைப் பழைய செறிவோடு ஒரு முறையும் புதிய செறிவோடு ஒரு முறையும் பெருக்கி வையுங்கள். உமிழ்வு குறைந்தது மக்கள் குறைவாக வாங்கியதாலா, வெளியூர் மின் நிலையங்கள் சுத்தமானதாலா, நாம் கணக்கு முறையை மாற்றியதாலா என்று மாநகராட்சி மன்றத்தில் யாராவது கேட்பார்கள். அந்த மூன்றையும் தனித்தனியே காட்டும் ஒரு தாள் கோப்பில் இருக்கட்டும்.